தொண்ணூற்றாறு பட்டன்களுக்கு ஒரே கிளிக்

இந்தச் சனிக்கிழமையோடு நான் இங்கிருந்து கிளம்புகிறேன். என் மேசை, அதன் இழுப்பறையில் இருக்கும் பதினெட்டு ஃப்ளாப்பிகள், மைசூர் மண்டி மொஹல்லா சந்திலிருந்து ஜன்னல் வழியாக ஏறி வரும் ஆட்டோ ஹாரன் எல்லாம் இனி உங்கள் இருவருக்கும். ஒப்படைப்புக் குறிப்பு எழுதச் சொன்னார்கள். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எந்த வாடிக்கையாளர் எதற்குக் கோபப்படுவார் என்பதை வரிசை எண் போட்டுத் தனியாக எழுதி வைத்துவிட்டேன். இது அந்தக் குறிப்பில் அடங்காத விஷயம்.

போன வாரம் உங்களில் ஒருவர் கேட்டீர்கள்: "ஒரு திரையில் நிறைய பட்டன் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக கிளிக் எழுத வேண்டுமா?" "வேண்டாம், எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் கொடுத்து ஒரே இடத்தில் எழுது" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். பதில் சரிதான். ஆனால் பாதிதான். மீதிப் பாதியை நான் கற்றுக்கொண்டது ஒரு நூல் முறுக்கும் மில்லின் டைம் ஆபீசில், இரண்டு வருடத்துக்கு முந்தைய மார்ச் மாதத்தின் கடைசி நாளில். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. யார் மேல் எரிச்சல் என்று பட்டியல் போட்டுப் பார்த்திருக்கிறேன். நான்கு பேர் வருகிறார்கள். நான்காவது ஆள் நான்.

மில் ஊருக்கு வெளியே இருந்தது. அங்கே தற்காலிகத் தொழிலாளர்கள் தொண்ணூற்றாறு பேர். பாதிக்கு மேல் கொள்ளேகால், ஹனூர் பக்கத்திலிருந்து வந்த, தமிழ் பேசும் நம் ஆட்கள். கேட்டுக்கு உள்ளே ஒரு மரப் பலகை. அதில் தொண்ணூற்றாறு கொக்கிகள். ஒவ்வொரு கொக்கியிலும் எண் பொறித்த ஒரு பித்தளை டோக்கன். காலையில் வருகிறவர்கள் தங்கள் டோக்கனை எடுத்து டைம் ஆபீஸ் ஜன்னலில் போட வேண்டும். உள்ளே இருக்கும் கிளார்க் அதைப் பார்த்துப் பேரேட்டில் வருகை போடுவார். பேரேட்டுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் வைக்கும் வேலைதான் எங்களுக்கு வந்தது.

கிளார்க் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். திரை அந்தப் பலகையைப் போலவே இருக்க வேண்டும்.

"அல்லா மேடம், அப்படியில்ல, நான் நம்பர் படிச்சுக்கிட்டு உக்காந்தா ஒம்பது மணி ஆயிடும். எனக்கு எடம் தெரியும். கை தானாப் போகும்."

அவர் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். சில நாள் மாற்றியும் செய்வார். மவுஸை அமுக்கும்போது உதட்டையும் சேர்த்து அமுக்குவார்.

ஆக, திரையில் தொண்ணூற்றாறு பட்டன்கள். முதலில் இதை எழுதியவர் என்னுடன் வேலை செய்த ஒருவர். எனக்கு ஆறு மாதம் மூத்தவர். அவர் ஒவ்வொரு பட்டனுக்கும், அமுக்கினால் ஓடும் நிரல்துண்டாக, தனி கிளிக் எழுதினார். அதாவது ஒன்றை எழுதி, தொண்ணூற்றைந்து முறை நகலெடுத்து, எண்ணை மட்டும் மாற்றினார். ஐம்பத்தெட்டில் எண்ணை மாற்ற மறந்துவிட்டார். ஐம்பத்தெட்டாம் ஆள் வந்தால் ஐம்பத்தேழாம் ஆளுக்கு வருகை விழுந்தது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு நாள் ஆயிற்று. அவரிடம் காட்டியபோது, "ஒண்ணே ஒண்ணுதானே தப்பு, தொண்ணூத்தஞ்சு சரியா இருக்கே" என்றார்.

நான் அத்தனையையும் அழித்தேன். எல்லாப் பட்டன்களுக்கும் ஒரே பெயர், கீழே ஒரே நிரல்துண்டு. எதை அமுக்கினாலும் அதுதான் ஓடும்; எத்தனையாவது பட்டன் அமுக்கப்பட்டது என்று ஓர் எண் மட்டும் அதன் கைக்கு வரும். எண் எழுபத்து நான்கு என்றால் எழுபத்து நான்காம் டோக்கனுக்கு வருகை. நாற்பது பக்கம் ஒரு பக்கமாயிற்று. எனக்கு மிகவும் பெருமை. நம் மேலாளர் அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து எல்லோருக்கும் காட்டினார். நீங்களும் ஒரு நாள் இப்படி ஒரு பக்கம் எழுதுவீர்கள். அன்றைக்கு யாராவது கை தட்டினால் கொஞ்சம் பயப்படுங்கள்.

அந்தப் பெருமையில் இன்னொன்றும் செய்தேன். "இனிமேல் பேரேடு தேவையில்லை, எல்லாம் இதில் இருக்கிறது" என்று கூட்டத்தில் சொன்னேன். அடுத்த வாரமே பேரேட்டை நிறுத்திவிட்டார்கள்.

இந்தப் புரோகிராமுக்கு இரண்டு வேலைகள். யார் எத்தனை நாள் வந்தார்கள் என்று எண்ணுவது ஒன்று. ஒவ்வொரு சனிக்கிழமையும், இருநூற்று முப்பது நாளைத் தொட்டவர்களின் பெயர்களை, ஆள் எடுப்பதையும் நிறுத்துவதையும் கவனிக்கும் பர்சனல் ஆபீசருக்கு மட்டும் அச்சிட்டுக் கொடுப்பது இன்னொன்று. இரண்டாவது எதற்கு என்று நான் முதலில் கேட்கவே இல்லை. கேட்காமல் எதையும் எழுதாதீர்கள். ஒரு வருடத்துக்குள் இருநூற்று நாற்பது நாள் வேலை செய்துவிட்ட ஆளை நினைத்த நேரத்தில் வெளியே அனுப்ப முடியாது; யூனியன் நிரந்தர வேலை கேட்டு வந்து நிற்கும். அதனால் இருநூற்று முப்பதிலேயே பதினைந்து நாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். திரும்பி வந்தால் எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்கும். இதற்கு அங்கே 'பிரேக்' என்று பெயர். தொழிலாளர்களும் இதற்குப் பழகியிருந்தார்கள். கல்யாணம், காதுகுத்து, வீட்டுக்கு ஓடு மாற்றுவது எல்லாவற்றையும் பிரேக்கில் வைத்துக்கொள்வார்கள்.

கூலி இந்தக் கணக்கிலிருந்து போகவில்லை. அது எத்தனை கண்டு நூல் சுற்றினார்கள் என்ற மேஸ்திரியின் நோட்டிலிருந்து போயிற்று. எங்கள் புரோகிராம் எண்ணியது நாட்களை மட்டும்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தப்பு ஆறு மாதம் யார் கண்ணிலும் படாமல் இருந்ததற்கு இது ஒரு காரணம்.

அந்த மார்ச் கடைசி நாள் ஒரு திங்கட்கிழமை. வருடத்துக்கு ஒரு முறை, அந்த ஒரு நாளில் மட்டும், எல்லோருடைய நாள் எண்ணிக்கையையும் அச்சிட்டு கேன்டீன் சுவரில் ஒட்ட வேண்டும். யூனியன் சண்டை போட்டு வாங்கிய உரிமை அது. நான்கு மணிக்கு ஷிஃப்ட் மாறும்; அதற்குள் லிஸ்ட் சுவரில் இருக்க வேண்டும். அதை அச்சிடத்தான் நான் போயிருந்தேன்.

டைம் ஆபீஸ் ஜன்னலில் ஒரு பெண் நின்று கிளார்க்கோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பெயர் சரோஜா, டோக்கன் எழுபத்தைந்து. கோபிநத்தம் பக்கத்துப் பெண். சனிக்கிழமை லிஸ்டில் அவள் பெயர் வந்துவிட்டது. அன்றிலிருந்து பிரேக் என்று சொல்லிவிட்டார்கள்.

"இருநூத்தி முப்பத்தொண்ணுன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. நான் என்ன பண்றது?" என்றார் கிளார்க்.

"கம்ப்யூட்டரு சொல்லுமுங்க. நான் வந்தாத்தானுங்க அது எண்ணோணும்? என்ற கணக்குல எப்படிக் கூட்டுனாலும் இருநூத்தி இருபதுதானுங்க. சனவரில மஞ்சக்காமாலை வந்து மூணு வாரம் ஊர்ல படுத்துக் கெடந்தேன். மேஸ்திரியக் கேளுங்க."

"எல்லாரும் நாள் கம்மியாப் போச்சுன்னு வருவாங்க. நீ ஒருத்திதான் ஜாஸ்தியாப் போட்டுட்டாங்கன்னு வர்ற!"

"சித்திரை பொறந்து பத்து நாள்ல புள்ளைக்குக் காது குத்துங்க. அதுக்குன்னு பிரேக்கக் கணக்குப் பண்ணி வெச்சிருக்கேன். இப்பவே போனா அப்ப யாரு லீவு குடுப்பா, நீங்க குடுப்பீங்களா?"

அவளுக்குப் பின்னால் இன்னொரு பெண் நின்று அவள் முந்தானையை இழுத்துக்கொண்டே இருந்தாள். "வாடி, போதும் வாடி. குடுத்தா போயிட்டு வாடி." அவள் பழனியம்மா, டோக்கன் எழுபத்து நான்கு. இருவரும் ஒரே ஊர், ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே அறையில் வாடகைக்கு இருந்தவர்கள். தோழியின் நியாயமான சண்டையை இவள் ஏன் இப்படி நிறுத்தப் பார்க்கிறாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

கம்ப்யூட்டர் சரியாகத்தான் எண்ணும் என்று நான் சரோஜாவிடம் சொல்லவில்லை. அன்றைக்கு நான் செய்த முதல் நல்ல காரியம் அது. ஒருவர் தனக்கு அதிகமாகக் கொடுத்துவிட்டார்கள் என்று வந்து நின்றால் அவரை நம்புங்கள். பொய் சொல்கிறவர் அந்தப் பக்கம் சொல்லமாட்டார்.

ஜனவரிப் பதிவைத் திறந்தேன். எழுபத்தைந்தாம் டோக்கன் மூன்று வாரமும் வந்திருந்தது. எழுபத்து நான்கு மூன்று வாரமும் வரவில்லை.

"பழனியம்மா, ஜனவரியில் நீங்கள் ஊருக்குப் போனீர்களா?"

"இல்லீங்க அக்கா. சேந்ததுல இருந்து ஒரு நாளுகூட லீவு போடல." குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

அக்கம்பக்கத்து டோக்கன்காரர்கள் எப்போது லீவு போட்டார்கள் என்று கிளார்க்கிடம் கேட்டேன். எழுபத்தாறைப் பார்த்தேன். அங்கே இருந்தது எழுபத்தேழாம் ஆளின் வருகை. ஒவ்வொருவர் கணக்கிலும் அடுத்தவர் உட்கார்ந்திருந்தார்.

கிளார்க்கிடம் திரையைத் திறக்கச் சொன்னேன். வரிசையாகப் பெயர்கள். நாற்பது வரை சரி. நாற்பத்தொன்றாவது பட்டனில் '42' என்று எழுதியிருந்தது.

"இது யார் மாற்றியது?"

"உங்க ஆபீஸ் சார்தான் மேடம். ஆயுத பூஜை முடிஞ்சு வந்து மாத்திக் குடுத்தார்."

கதை இதுதான். ஆயுத பூஜைக்கு அந்த மில்லில் இயந்திரங்களோடு டோக்கன் பலகையையும் கழற்றி வைத்துப் பூஜை செய்வார்கள். டோக்கன்களைப் புளி போட்டு விளக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, திரும்ப மாட்டும்போது நடுவில் காலிக் கொக்கி விடமாட்டார்கள். காலிக் கொக்கி இருந்தால் அந்த வருடம் ஆள் போய்க்கொண்டே இருக்குமாம். வேலையை விட்டுப் போனவரின் டோக்கனை எடுத்துவிட்டு, அவருக்குப் பின்னால் இருக்கிற எல்லோரையும் ஒரு கொக்கி முன்னால் தள்ளிவிடுவார்கள். அந்த வருடம் நாற்பத்தொன்றாம் ஆள் போயிருந்தார். புது ஆள் எடுக்கவில்லை. ஆகவே நாற்பத்திரண்டிலிருந்து எல்லோரும் ஒரு இடம் முன்னால்.

பலகை மாறிவிட்டது, திரையையும் மாற்று என்று கிளார்க் கேட்டிருக்கிறார். என் சக ஊழியர் வந்து பட்டன்களின் மேல் எழுதியிருந்த பெயரையும் எண்ணையும் மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டு, பூஜை சுண்டலை வாங்கிக்கொண்டு போய்விட்டார். என்னிடம் சொல்லவில்லை. எங்கும் எழுதி வைக்கவும் இல்லை.

ஆனால் என் நிரல்துண்டு பட்டனின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவே பார்க்காது. எத்தனையாவது பட்டன் என்று மட்டும்தான் பார்க்கும். எழுபத்து நான்காவது இடத்தில் இருந்தது '75 சரோஜா' என்ற பட்டன். கிளார்க் அதை அமுக்கினால் வருகை விழுந்தது பழனியம்மாவுக்கு. சரோஜா வராத நாளில் பழனியம்மா வரவில்லை என்று பதிவாகியிருக்கிறது. எல்லோரும் தினமும் வந்தவரை எதுவும் தெரியாது. யாராவது ஒருவர் வராத நாளில்தான் தப்பு வெளியே வரும். அதுவும் பக்கத்து ஆளின் தலையில்.

யார் அமுக்கப்பட்டார் என்பதை இடத்தை வைத்து முடிவு செய்தது நான். ஒவ்வொரு பட்டனுக்கும் தன்னுடைய டோக்கன் எண்ணைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ள ஓர் இடம் உண்டு. ஒரே ஒரு வரி கூடுதலாக எழுதியிருக்க வேண்டும். ஒரு பக்கம் என்று கை தட்டினார்களே, அதில் இல்லாமல் போன வரி அது.

"ஆறு மாதமாக உங்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லையா?" என்று கிளார்க்கைக் கேட்டேன்.

அவர் யோசித்தார். "அப்படி ஒண்ணும் இல்ல மேடம். தொண்ணூத்தாறு மட்டும் வேலை செய்யாது."

"வேலை செய்யாது என்றால்?"

"அமுக்குவேன், சாயங்காலம் பாத்தா அவன் வரலேன்னு இருக்கும். அவன் வாயாடி, சத்தம் போடுவான். அதனால தினமும் வீட்டுக்குப் போறப்ப திருத்துற ஸ்க்ரீன்ல போயி அவனுக்கு மட்டும் நானே போட்டுருவேன்."

"தினமுமா?"

"ஹௌது மேடம், ஆமா."

"ஆறு மாதமாக?"

"கம்ப்யூட்டர்னா அப்படித்தானே ஒண்ணு ரெண்டு வேலை செய்யாது!"

நான் ஐந்து நிமிடம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன். கடைசி ஆளின் பட்டன் தொண்ணூற்றைந்தாவது இடத்துக்குப் போய்விட்டதால் அவருக்கு எதுவுமே விழவில்லை. அந்த ஒரு அறிகுறி தினமும் எங்கள் வாசலில் வந்து நின்றது. இந்த மனிதர் தினமும் அதைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். ஒரு போன் செய்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

ஆனால் வெளியே நின்றபோதே அடுத்தது தோன்றியது. எல்லோரையும் திரும்ப ஒரு இடம் நகர்த்திவிடலாம். ஆனால் எந்த நாளிலிருந்து என்று தெரிய வேண்டும். என் சக ஊழியருக்கு நாள் நினைவிருக்காது. திருத்தும் திரையோ தேதி போட்டுச் சேமிக்கும். தொண்ணூற்றாறுக்கு கிளார்க் போட்ட முதல் திருத்தம் எந்த நாளோ, அந்த நாளில்தான் பெயர்கள் மாறியிருக்கின்றன. பார்த்தேன். பூஜை விடுமுறை முடிந்து வந்த வியாழக்கிழமை. உறுதிக்காக இரண்டு பேரின் லீவு கடிதங்களோடு ஒப்பிட்டேன். வியாழனுக்கு முன்னால் பொருந்தியது. பின்னால் ஒன்று தள்ளியிருந்தது.

நகர்த்தும் சிறு நிரலை எழுதி, ஒரு நகலில் ஓட்டிப் பார்த்தேன். சரோஜா இருநூற்று இருபது. அவள் சொன்னது சரி.

பழனியம்மா இருநூற்று நாற்பத்து மூன்று.

முந்தானையை ஏன் இழுத்தாள் என்பது அப்போதுதான் புரிந்தது. இருவரும் ஒரே காலண்டரில் கோடு போட்டவர்கள். இருநூற்று முப்பது தாண்டியும் தன்னைக் கூப்பிடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். கம்பெனி தன்னை மறந்துவிட்டது என்று நினைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு வாரமாக வந்துகொண்டிருந்தாள். ஆனால் கம்பெனியின் கணக்கில் அவள் இருநூற்று இருபத்திரண்டு. அடுத்த வாரம் அவள் பெயர் லிஸ்டில் வந்துவிடும், பிரேக்குக்கு அனுப்பிவிடுவார்கள். உழைத்த இருநூற்று நாற்பத்து மூன்று நாளும் எந்தத் தாளிலும் இருக்காது.

பர்சனல் ஆபீசரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சத்தம் போடுகிறவர் இல்லை. கன்னடத்தில் மெதுவாகப் பேசுவார். நான் குறித்துக்கொண்டு போன எண்களை முன்னால் வைத்துக்கொண்டு பென்சிலால் இரண்டு பெயரைத் தட்டினார்.

"நோடி மேடம், பாருங்கள், எழுபத்தைந்தை இருநூற்று இருபது ஆக்கிவிடுங்கள். பாவம், வேலைக்கு வரட்டும். எழுபத்து நான்கை அப்படியே விட்டுவிடுங்கள்."

"அப்படி முடியாது சார். எல்லாப் பட்டனுக்கும் கிளிக் ஒன்றுதான். நகர்ந்தால் ஐம்பத்தைந்து பேரும் நகர்வார்கள், இல்லையென்றால் ஒருவரும் நகரமாட்டார்கள்."

"திருத்துகிற ஸ்க்ரீன் இருக்கிறதே. எல்லோரையும் நகர்த்துங்கள். அப்புறம் எழுபத்து நான்குக்கு மட்டும் ஒரு இருபது நாள் ஆப்சென்ட் போட்டுவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருந்த எண்தானே, புதிதாக எதுவும் கேட்கவில்லையே?"

எவ்வளவு நேர்த்தியாகச் சொன்னார் பாருங்கள். பொய்யை உண்டாக்கச் சொல்லவில்லை, இருந்ததை விட்டுவைக்கச் சொல்கிறார். அதுவும் நான் உண்டாக்கியதை. ஜி.எம். கூப்பிட்டிருக்கிறார், அரை மணியில் வருகிறேன், லிஸ்டை எடுத்து வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். மணி மூன்றே கால்.

நம் மேலாளருக்கு அங்கிருந்தே போன் செய்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "தப்பு நம்முடையது என்று சொல்லிவிட்டாயா?"

"சொல்லிவிட்டேன்."

"சரிம்மா. இப்போதைக்கு அவர் கேட்கிற மாதிரி செய்து கொடுத்துவிட்டு வா. வருட ஒப்பந்தம் அடுத்த வாரம் கையெழுத்து. மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்."

அப்புறம் என்பது அந்தப் பெண்ணுக்குக் கிடையாது என்று நான் சொன்னேனா, சொல்ல நினைத்தேனா என்று இப்போது நினைவில்லை. போனை வைத்துவிட்டேன்.

டைம் ஆபீசுக்குத் திரும்பியபோது பழனியம்மா மட்டும் ஜன்னலருகே நின்றாள். சாப்பாட்டு இடைவேளை முடிந்து வெகு நேரமாகியிருந்தது.

"அக்கா, எங்கூட்டுக் காலண்டர்ல கோடு போட்டு வெச்சிருக்கேனுங்க. அது செல்லுமுங்களா?"

"செல்லாது."

"அப்ப எது செல்லுமுங்க?"

நான் மேசையிலிருந்த பிரின்டரைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். பிறகு கண்டு சுற்றப் போய்விட்டாள். கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் எனக்கு அவள் மேலும் எரிச்சல் வந்திருக்கும், வேலை சுலபமாகியிருக்கும்.

ஒரு தாளை எடுத்து என்னால் செய்யக்கூடியவற்றை எழுதினேன். அது என் பழக்கம். ஆபீசர் சொன்னபடி செய்யலாம். எதுவும் செய்யாமல், புரோகிராம் கெட்டுப் போயிருக்கிறது, இன்று லிஸ்ட் கிடையாது என்று சொல்லலாம். அது கண்ணியமாகத் தெரியும், ஆனால் அடுத்த வாரம் பழனியம்மா வீட்டுக்குப் போவாள். மூன்றாவது, வந்த வேலையைச் செய்யலாம். நாளை எண்ணி, எண்ணியதை அச்சிடுவது. மூன்றாவதற்கு யாரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லை என்பது எழுதிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அதற்காகத்தான் என்னை அழைத்திருந்தார்கள்.

உண்மையான பதிவில் நகர்த்தும் நிரலை ஓட்டினேன். பட்டன்களுக்குள் டோக்கன் எண்ணை வைத்தேன். பிரின்டர் கரகரவென்று நான்கு தாளை இழுத்துத் தள்ளியது.

கிளார்க் ஒரு டப்பாவில் மைதாப் பசையோடு வந்து நின்றார். கேன்டீன் வாசலில் யூனியன் ஆட்கள் வந்துவிட்டார்கள் என்றார்.

"ஆபீசர் பாத்தாச்சா மேடம்?"

"பார்க்கவில்லை. ஆனால் இதுதான் சரியான லிஸ்ட்."

அவர் தாளை வாங்கி மேலிருந்து விரலை ஓட்டிக்கொண்டு வந்தார். விரல் மூன்றாம் தாளில் ஒரு இடத்தில் நின்றது. பதினாறு வருடமாக அந்தப் பலகையைப் பார்த்தவர். இருநூற்று நாற்பத்து மூன்று என்றால் என்ன என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த மனிதர் இப்போது நேராக ஆபீசரிடம் ஓடுவார் என்றுதான் நினைத்தேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார்.

"கண்ணாடி இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியறதில்ல மேடம். என்ன எழுதிருக்குன்னு யாராவது கேட்டா, எனக்கு கொத்தில்லா, தெரியாது" என்று சொல்லிவிட்டு, பசை டப்பாவையும் தாளையும் எடுத்துக்கொண்டு போனார். போகும்போது நிலையில் இடித்துக்கொண்டார்.

ஆபீசர் வந்தபோது தொண்ணூறு பேர் சுவர் முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். யூனியன் செயலாளர் எண்களைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். ஆபீசர் என்னைப் பார்த்து அப்போதும் குரலை உயர்த்தவில்லை. "புரோகிராம் எழுதக் கூப்பிட்டோம், யூனியன் வேலையும் பார்த்துவிட்டீர்கள்" என்றார். ஆறு மாதப் பதிவு தவறாக இருந்ததற்கு எங்கள் நிறுவனம்தான் காரணம் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது உண்மைதானே.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் மேலாளர் ஒரு மாதம் என்னிடம் வேலையைத் தவிர எதுவும் பேசவில்லை. ஒப்பந்தம் தாமதமானாலும் கையெழுத்தானது. சரியாக எண்ணும் புரோகிராமை யாரும் தூக்கிப் போடமாட்டார்கள். சக ஊழியர் பெங்களூருக்குப் போய்விட்டார். அங்கே நல்ல பதவி. பழனியம்மாவின் விஷயம் யூனியனுக்கும் கம்பெனிக்கும் நடுவில் இரண்டரை மாதம் இழுத்தது; பிறகு நிரந்தரம் செய்தார்கள். சரோஜா அடுத்த நாளே வேலைக்குத் திரும்பினாள். பத்து நாள் கழித்து முறையாக பிரேக்கில் போய்க் குழந்தைக்குக் காது குத்திவிட்டு வந்தாள்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது: பல பட்டன்களுக்கு ஒரே கிளிக் எழுதுங்கள், தாராளமாக. ஆனால் யார் அமுக்கப்பட்டார் என்பதை அந்தப் பட்டனே சொல்லட்டும். அது உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கேட்காதீர்கள். ஒரே இடத்தில் எழுதினால் தப்பும் ஒரே இடத்தில்தான் இருக்கும், ஆனால் அது எல்லோரையும் தொடும். 'ஒன்று மட்டும் வேலை செய்வதில்லை' என்று யாராவது சாதாரணமாகச் சொன்னால், டீயை வைத்துவிட்டு எழுந்து போங்கள்.

அந்தப் புரோகிராம் அன்றிலிருந்து ஒரு நாளும் தப்பவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் இருநூற்று முப்பதைத் தொட்ட ஒவ்வொரு பெயரையும், ஒன்றுகூட விடாமல், ஆபீசருக்கு அச்சிட்டுக் கொடுத்தது. பழனியம்மாவுக்குப் பிறகு அந்த மில்லில் யாரும் இருநூற்று நாற்பதைத் தாண்டவில்லை.

போன பிப்ரவரியில் பிரின்டர் ரிப்பன் மாற்றிக் கொடுக்க அங்கே போயிருந்தேன். ஷிஃப்ட் முடிந்து வந்த சரோஜா என்னைப் பார்த்துவிட்டு ஜன்னலருகே வந்தாள். மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள் என்றாள். பழனியம்மா கம்பெனிச் சீருடையில் நன்றாக இருக்கிறாள் என்றாள். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, கிளார்க் இல்லை என்று உறுதி செய்துகொண்டு கேட்டாள்.

"ஏனுங்க அக்கா, இன்னொருக்கா அந்த மாதிரி தப்பு வராதுங்களா?"

"வராது சரோஜா."

"சும்மா கேட்டேனுங்க" என்று சிரித்தாள்.

அந்த வாரச் சனிக்கிழமை லிஸ்டில் அவள் பெயர் மூன்றாவதாக இருந்தது. இருநூற்று முப்பது. நான் இரண்டு முறை சரிபார்த்தேன்.